மோர்னிங்சைட் பக்கம் இரண்டு அறை உண்டு

ஸ்காபரோவுக்கு யார் சுற்றுலா வருகிறார்கள் என்று கேட்பவர்கள் கோடைகாலத்துச் சனிக்கிழமை ஒன்றில் மார்க்கம் வீதிப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச், மொன்றியல் என்று எல்லாத் திசையிலிருந்தும் எங்கட சனம் வந்து இறங்கியிருக்கும். ஒருவர் கலியாணவீட்டுக்கு வந்திருப்பார், இன்னொருவர் தங்கை மகளின் அரங்கேற்றத்துக்கு. செத்தவீட்டுக்கு வந்து அந்தியேட்டி முடியும்வரை நிற்பவர்களும் உண்டு. சி.என். கோபுரத்துக்கு ஒருநாள் போனால் போவார்கள், போகாவிட்டாலும் கவலையில்லை. மண்டபத்துக்கும் கோயிலுக்கும் கிட்ட, காலையில் எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கக்கூடிய ஓர் அறை கிடைத்தால் அவர்களுக்குப் போதும்.

அந்த அறை எங்கே கிடைக்கும்? முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழவில்லை. சொந்தக்காரர் வீட்டு ஹோலில் வரிசையாக மெத்தை விரிப்போம். பிள்ளைகள் சோபாவில், ஆம்பிளைகள் பேஸ்மென்டில், பாட்டிமாருக்கு அறை. இப்போது சோபாவில் படுத்த அந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளைகள். பாட்டிமாரின் முழங்கால் மாடிப்படி கண்டால் நடுங்குகிறது. கலியாணவீட்டுக்காரரின் வீட்டிலோ பலகாரச் சட்டிக்கும் பூமாலைப் பெட்டிக்குமே இடம் போதாது. ஹொட்டேலுக்குப் போனால் சமைக்க முடியாது.

ஸ்காபரோவில் தங்கல் தொழில் புதிதாக வந்ததும் இல்லை. மொன்றியலுக்குப் போகும் பிரதான பாதையாகக் கிங்ஸ்டன் வீதி இருந்த காலத்தில் அதன் இரு மருங்கும் மோட்டல்கள் நின்றன. 401 பெருந்தெரு வந்தபின் பயணிகள் அந்தப் பக்கம் வருவது குறைந்தது. மிஞ்சிய மோட்டல்கள் சிலவற்றில் நகரசபை வீடற்ற குடும்பங்களைத் தங்கவைத்தது. பிறகு ஒவ்வொன்றாக இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். வருகிறவர்கள் வந்துகொண்டேயிருக்க, படுக்கை மட்டும் குறைந்தது.

என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, மோர்னிங்சைட் பக்கத்தில் இருக்கிறா. பிள்ளைகள் இருவரும் வேலையும் கலியாணமும் என்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மேல்மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடந்தன. பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அறைகளை நாட்கணக்கில் விட்டுப் பார்ப்போம் என்று அக்கா முடிவெடுத்தபோது, விளம்பரங்களை எழுதுவதும் போடுவதும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பாயிற்று. அந்த வேலையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையோடு ஸ்காபரோவில் நிறையப்பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

விளம்பரத்துக்கு முன் விதி. ஸ்காபரோவும் அடங்கிய ரொறன்ரோ நகரில் தொடர்ந்து 28 நாளுக்குக் குறைவாகத் தங்கவிடுவது எல்லாம் குறுகியகால வாடகைதான். நீங்கள் உண்மையிலேயே குடியிருக்கிற வீட்டை மட்டுமே அப்படி விடலாம். மூன்று அறை வரை ஆண்டு முழுவதும் விடலாம். முழு வீட்டையும் விடுவதென்றால் ஆண்டுக்கு 180 இரவுதான். நகரசபை இதை 2017 இறுதியிலும் 2018 தொடக்கத்திலும் நிறைவேற்றியது. மேன்முறையீட்டில் இழுபட்டு 2019 நவம்பரில் நியாயசபை விதியை உறுதிசெய்தது. 2020 செப்டெம்பரில் பதிவு தொடங்கியது. அப்போது பதிவுக் கட்டணம் 50 டொலர். 2025இல் அது 375 டொலர்.

எங்கள் ஆட்கள் பலர் தடுமாறும் இடம் பேஸ்மென்ட். குசினி, குளியலறை எல்லாம் தனியாக உள்ள பேஸ்மென்ட் நகரசபையின் கணக்கில் தனி வீடு. அதில் யார் குடியிருக்கிறாரோ அவர்தான் அதைக் குறுகிய காலத்துக்கு விடலாம். மேலே வசிக்கும் வீட்டுக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. 'கீழே இருக்கிற சனத்தை எழுப்பிப்போட்டு எயார்பிஎன்பியில போடு, இரண்டு மடங்கு வரும்' என்று அக்காவுக்கும் புத்தி சொன்னவர்கள் உண்டு. விதி தெரிவதற்கு முன்பே அக்கா அதற்குப் பதில் சொல்லிவிட்டா: "நாங்கள் வந்து இறங்கேக்க ஆற்றையோ பேஸ்மென்டிலதான் கிடந்தனாங்கள். அந்தப் பிள்ளையளை எழுப்பி வாற காசு எனக்கு வேண்டாம்."

எனக்கும் இதில் அழுத்தமான கருத்து உண்டு. இந்த நகரத்தில் வாடகைக்கு இடம் தேடி அலைபவர்கள் யார் என்று பாருங்கள். படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்த குடும்பங்கள், இரவு வேலை செய்பவர்கள். நிரந்தரமாக ஒரு குடும்பம் இருக்கக்கூடிய இடத்தைப் பறித்து நாலு நாள் விருந்தாளிக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நகரசபையின் விதி அதைத்தான் தடுக்கிறது, அதை நான் வரவேற்கிறேன். பிள்ளைகள் போய் வெறுமையாகக் கிடக்கும் மேல்மாடி அறையின் கதை வேறு. அது யாருடைய இடத்தையும் எடுப்பதில்லை.

பதிவு எண் கைக்கு வந்ததும் எயார்பிஎன்பியில் போட்டோம். போடவேண்டியதுதான். ஆனால் புதிய வீட்டுக்கு அங்கே மதிப்புரை இல்லை, மதிப்புரை இல்லாததால் ஆட்கள் வருவதில்லை, ஆட்கள் வராததால் மதிப்புரையும் இல்லை. ரொறன்ரோ என்று தேடுபவருக்கு வரைபடம் நகரின் மையத்தில் திறக்கும். மோர்னிங்சைட் அதன் கிழக்கு ஓரத்தில் எங்கோ இருக்கும். மேலும், எங்களிடம் வரக்கூடியவர்களில் பாதிப்பேர் அங்கே தேடுவதே இல்லை. லண்டனில் இருக்கும் மாமா ஸ்காபரோவில் இருக்கும் மருமகனுக்குத்தான் போன் எடுப்பார்: 'தம்பி, கிட்டடியில தங்க இடம் ஒண்டு பார்.' அந்த மருமகன் எங்கே பார்ப்பான் என்பதுதான் கேள்வி. உள்ளூர் விளம்பரத்தை வாசிப்பவர் பெரும்பாலும் தங்க வருகிறவர் இல்லை, தங்க வருகிறவருக்காகத் தேடுகிற உள்ளூர்க்காரர். இது பிடிபட்டபிறகு விளம்பரத்தை எங்கே போடுவது, என்ன எழுதுவது என்பதெல்லாம் தெளிவானது.

எயார்பிஎன்பி நிறுவனமே வளர்ந்த வழியும் இதுதான். 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியவர்கள், ஓரிரு ஆண்டுகளுக்குள், தங்களிடம் வீட்டைப் போட்டவர்கள் அதே விளம்பரத்தைக் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளத்திலும் போடுவதற்கு வழி செய்து கொடுத்தார்கள். ஊர்க்காரர் ஏற்கனவே கூடும் சந்தைக்குப் போய் நின்றார்கள். ஸ்காபரோவில் இரண்டு அறை வைத்திருப்பவர் அதைச் செய்யத் தயங்கவேண்டியதில்லை.

எங்கள் சந்தை எது? பலசரக்குக் கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகைகளும், 'தமிழர் மத்தியில்' போன்ற தடித்த வணிகக் கையேடும் கனடாத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்தவை. வருமானவரிக் கணக்குச் செய்பவர், வீடு வாங்கித் தருபவர், மண்டபம் விடுபவர், மேளகாரர் எல்லோரையும் ஒரு தலைமுறை அங்கேதான் தேடியது. இரண்டு அறைக்காக அச்சுப் பத்திரிகையில் ஆண்டு முழுவதும் விளம்பரம் எடுப்பது கட்டுப்படியாகாது. வரி விளம்பரமும் அவற்றின் இணையப் பக்கமும் கட்டுப்படியாகும். அரங்கேற்றமும் கலியாணமும் மலியும் கோடைகாலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முந்திப் போடவேண்டும். மண்டபம் பிடித்த குடும்பம் அப்போதுதான் விருந்தாளிகளுக்கு இடம் தேடத் தொடங்கும்.

அடுத்தது கிஜிஜி விளம்பரத் தளம். அங்கே குறுகியகால வாடகைக்கென்று தனிப் பிரிவு உண்டு. நீண்டகால வாடகைப் பிரிவில் போட்டால் மாதவாடகைக்கு வீடு தேடும் ஆட்கள் ஏமாந்து அழைப்பார்கள், உங்களுக்கும் வீண் வேலை, அவர்களுக்கும் மனவருத்தம். நகரம் என்ற இடத்தில் ரொறன்ரோ என்று மட்டும் போடாமல் தலைப்பிலேயே ஸ்காபரோவையும் சந்தியின் பெயரையும் எழுதுங்கள். இந்த நகரத்தில் எவரும் இடத்தைச் சந்தியால்தான் சொல்வார்கள்: மார்க்கம் – எக்ளிங்டன், கென்னடி – எல்ஸ்மியர், மோர்னிங்சைட் – லோரன்ஸ். வீட்டு இலக்கத்தைப் பொதுவில் போடவேண்டாம். தங்குவது உறுதியானபின் கொடுத்தால் போதும்.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் 'இது இன்னும் இருக்கிறதா?' என்ற செய்தி வந்து குவியும். அது ஆட்கள் தட்டச்சு செய்து அனுப்புவது இல்லை, பொத்தானை அழுத்தினால் தானாகப் போவது. எல்லாவற்றுக்கும் நான் ஒரே பதிலைத்தான் அனுப்பினேன்: 'ஓம், இருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன காரியமாக வருகிறீர்கள்?' தேவை உள்ளவர் மூன்றுக்கும் பதில் எழுதுவார். மற்றவர் எழுதமாட்டார். மார்க்கெட்பிளேஸைவிட ஊர்ப் பழைய மாணவர் குழுக்கள், பல்கலைக்கழக மாணவர் குழுக்கள், குடியிருப்புப் பகுதிக் குழுக்கள் எங்களுக்கு அதிகம் உதவின. ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதி உண்டு. நிர்வாகியிடம் கேட்டுவிட்டுப் போடுவது மரியாதை.

கூகுள் வரைபடத்தில் வணிக இடமாகப் பதிந்துவிடு என்று பலர் சொன்னார்கள். கூகுளின் விதிப்படி விடுமுறை வாடகை வீடு போன்ற வாடகைச் சொத்துகளுக்கு அந்தப் பதிவு கிடையாது. பதிந்தால் என்றாவது ஒருநாள் எடுத்துவிடுவார்கள். அதை நம்பி விசிட்டிங் கார்ட் அடிக்கவேண்டாம்.

ஸ்காபரோவில் தமிழர் தவிரவும் ஆட்கள் வருகிறார்கள், அவர்களை மறந்துவிடக்கூடாது. மிலிட்டரி ட்ரெயிலில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் 1960களில் இருந்து இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுவந்து விட வரும் பெற்றோர், பட்டமளிப்புக்கு வரும் பெற்றோர் இருக்கிறார்கள். அதற்குக் கிட்ட 2015 பான் அமெரிக்கப் போட்டிகளுக்காகக் கட்டிய விளையாட்டு மையம். அங்கே நீச்சல் போட்டி நடக்கும் வாரஇறுதிகளில் கியூபெக்கிலிருந்தும் ஒட்டாவாவிலிருந்தும் குடும்பங்கள் வரும். விடியற்காலையில் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவேண்டியவர்களுக்கு நகரின் மையத்து ஹொட்டேல் உதவாது. சென்டனரி ஆஸ்பத்திரியில் தாயோ தகப்பனோ படுத்திருக்க, வெளியூரிலிருந்து வந்து நிற்கும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுக்காக ஆங்கில விளம்பரத்தில் இந்த மூன்று இடங்களின் பெயரையும் எழுதினோம். பெயரைத் தேடியே சிலர் வந்தார்கள்.

தமிழ் விளம்பரத்தை அக்காவும் நானும் மேசையில் இருந்து எழுதினோம். நான் முதலில் எழுதியதில் 'அழகிய', 'வசதியான', 'அமைதியான சூழலில்' எல்லாம் இருந்தன. அக்கா வாசித்துவிட்டு, "உதெல்லாம் எல்லாரும் எழுதுகினம் தம்பி. படி எத்தினை எண்டு எழுது. கேக்கிற ஆக்கள் முதல்ல அதைத்தான் கேப்பினம்" என்றா. கடைசியில் விளம்பரம் இப்படி வந்தது:

'மோர்னிங்சைட் – எல்ஸ்மியர் சந்திக்குக் கிட்ட, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் நாள்வாடகைக்கு உண்டு. அறைக்கு இரண்டு பேர். வாசலில் மூன்று படி, மேலே ஏறப் பதின்மூன்று படி, கைபிடி உண்டு. குளியலறை இரண்டு அறைக்கும் பொது. குசினி பாவிக்கலாம். மச்சம் சமைக்கலாம், வெள்ளிக்கிழமை மட்டும் சைவம். ஒரு கார் விடலாம். 95ஆம் இலக்க பஸ் எல்ஸ்மியரில் போகும். வீட்டில் நாய், பூனை இல்லை. வீட்டுக்குள் புகைக்கக் கூடாது. நகரசபைப் பதிவு எண், இரவு வாடகை, வரி கீழே.'

படி எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒட்டாவாவிலிருந்து ஒரு மகள் அழைத்தா. அம்மாவுக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து அதிக நாளாகவில்லை. பேத்தியின் அரங்கேற்றத்தைப் பார்த்தே தீருவேன் என்று நிற்கிறா. "அக்கா, அந்தக் கைபிடி ஏறேக்க எந்தப் பக்கம்?" என்று கேட்டா. அக்கா போனைக் காதில் வைத்தபடியே எழும்பிப் போய், படியின் அடியில் நின்று கையை வைத்துப் பார்த்து, "ஏறேக்க வலப்பக்கம். இறங்கேக்க இடப்பக்கம் வரும், அப்ப நான் மற்றப் பக்கம் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்றா. அந்த அழைப்பிலேயே மூன்று இரவு உறுதியானது. அடுத்த கிழமை ஒருவரைக் கூப்பிட்டு இடப்பக்கமும் ஒரு கைபிடி போடுவித்தா. விளம்பரத்தில் 'கைபிடி உண்டு' என்பது 'இரு பக்கமும் கைபிடி உண்டு' என்று மாறியது.

குறையையும் எழுதவேண்டும். குளியலறை பொது என்பதை மறைத்தால் வந்தபின் முகம் சுளிப்பார்கள். கென்னடி நிலையத்திலிருந்து ஸ்காபரோ நகர மையத்துக்கு ஓடிய ஆர்.டி. ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டபின் திரும்பி ஓடவேயில்லை. பழைய நினைவில் ரயிலில் வரலாம் என்று எண்ணிக்கொண்டு இறங்குபவர்கள் இன்னும் உண்டு. அதனால் பஸ் இலக்கத்தையும் எழுதினோம், நகரின் மையத்திலிருந்து வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் என்பதையும் எழுதினோம். அதை வாசித்து வராமல் விட்டவர்கள், வந்திருந்தால் அதற்காகவே குறைசொல்லியிருப்பார்கள்.

'தமிழருக்கு மட்டும்' என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிரும் இடத்துக்கு ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு என்றாலும், அப்படி ஒரு வரி எங்கள் பெயரில் ஊர் முழுக்க நிற்பதை நான் விரும்பவில்லை. வேறு சமூகங்களின் வாசல்களில் இப்படியான வரிகளை வாசித்துத் திரும்பி நடந்தவர்கள் எங்கள் அப்பாமார். நீச்சல் போட்டிக்குப் பிள்ளையோடு வந்த கியூபெக் பெண்மணி அக்காவிடம் பருப்புக்கறி செய்முறை எழுதி வாங்கிக்கொண்டு போனா. அவவின் சிபாரிசில் பிள்ளையின் நீச்சல் கழகத்திலிருந்து இன்னொரு குடும்பமும் வந்தது.

உள்ளூர் விளம்பரங்களில் மோசடி அதிகம், வாசிப்பவருக்கும் அது தெரியும். அறையின் படத்தைத் திருடி, பாதி விலை போட்டு, முற்பணத்தை ஈ-ட்ரான்ஸ்பரில் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். எங்கள் படமும் ஒரு தளத்தில் அப்படி வந்தது. தளத்துக்கு முறையிட்டு எடுப்பித்தோம். அன்றிலிருந்து படங்களின் ஓரத்தில் சந்தியின் பெயரை எழுதிப் போடுகிறோம். உங்களுக்கு இப்படி நடந்தால் கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அறிவித்துவையுங்கள்.

இந்த இடத்தில்தான் பதிவு எண் விளம்பரத்தின் பலமாகிறது. எந்த இடத்தில் விளம்பரம் போட்டாலும் பதிவு எண்ணைப் போடவேண்டும் என்பது நகரசபையின் விதி. கிஜிஜியில் ஒரு வரி போட்டாலும், குழுவில் போட்டாலும் அதேதான். பலர் இதை எயார்பிஎன்பிக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறார்கள். பதிவான எண்களை நகரசபை தன் திறந்த தரவுத் தளத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 'எங்கள் எண்ணை அங்கே தேடிப் பாருங்கள், பிறகு வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுங்கள், அறையைக் காட்டுகிறோம்' என்று நாங்களே சொல்லிவிடுவோம். அதற்குப்பிறகு முற்பணம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. முழுத்தொகையையும் முன்கூட்டிக் கேட்பதில்லை. முதல் இரவுக்கான காசு, மிச்சம் வந்து பார்த்தபின்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. நகரசபைக்குத் தங்கல் வரி உண்டு. 2023 மே மாதத்திலிருந்து அது 6 வீதம். 2025 ஜூன் 1 முதல் 2026 ஜூலை 31 வரை, உலகக்கோப்பை உதைபந்தாட்டச் செலவை ஒட்டி, 8.5 வீதம். எயார்பிஎன்பி வழியாக வருபவரிடம் அந்த நிறுவனமே வசூலித்துக் கட்டிவிடும். உள்ளூர் விளம்பரம் பார்த்து நேரே வருபவரிடம் நீங்கள்தான் வசூலித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டவேண்டும். எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரிப் பொறுப்பு ஆண்டு வருமானம் 30,000 டொலரைத் தாண்டும்போது வரும். பதிவில்லாமல் விடுபவர்கள் 2024இலிருந்து வருமானவரியில் செலவுக்கழிவு எதையும் கேட்கமுடியாது. மின்சாரம், வட்டி, பெயின்ற் ஒன்றையும் கழிக்கமுடியாமல் முழு வருமானத்துக்கும் வரி கட்டவேண்டும். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். எயார்பிஎன்பியின் பாதுகாப்பு அவர்கள் வழியாக வந்தவருக்கு மட்டும்தான், நேரே வந்தவர் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிட்டுப் போனால் அது உங்கள் காப்புறுதியின் கணக்கு.

இன்னொன்று, எயார்பிஎன்பியில் உங்களைக் கண்டுபிடித்தவரிடம் 'அங்கே கட்டாதே, நேரே தா' என்று சொல்லாதீர்கள். அது அவர்களின் விதிக்கு விரோதம். நேர்மையும் இல்லை. ஆளை அனுப்பியவர்கள் அவர்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் மொன்றியலை நினைக்கவேண்டும். 2023 மார்ச் 16ஆம் திகதி பழைய மொன்றியலில் ஒரு கட்டடம் எரிந்து ஏழுபேர் இறந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் பலர் அனுமதியில்லாத நாள்வாடகைக்கு வந்தவர்கள். ஜன்னலே இல்லாத அறைகள் இருந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. அந்த ஆண்டே கியூபெக் சட்டத்தை இறுக்கியது. பதிவுச் சான்று இல்லாத வீட்டைத் தளங்கள் காட்டக்கூடாது என்றாயிற்று. ரொறன்ரோவிலும் அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண், வெளியேறும் வழியின் வரைபடம் இரண்டையும் விருந்தாளிக்குக் கொடுக்கவேண்டும். அக்கா அந்த வரைபடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு அறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கிறா. புகை எச்சரிக்கைக் கருவியை ஒவ்வொரு குடும்பம் வரமுந்தியும் அழுத்திப் பார்க்கிறா. நகரசபை கேட்டது என்பதற்காக மட்டும் செய்வதில்லை. அறிமுகமில்லாத வீட்டில், இருட்டில், ஒரு வயோதிபர் கதவைத் தேடும் நிலையை அக்காவால் கற்பனை செய்யமுடிகிறது.

விளம்பரம் போகக்கூடாத இடமும் உண்டு. இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களின் கீழ் தொடர்புகளுக்கென்று போன் எண்கள் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள்தானே, அந்த எண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டால் என்ன என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். வருவார்கள்தான். வியாபாரக் கணக்கில் பார்த்தால் அது கெட்ட யோசனையும் இல்லை. ஆனால் பிணம் வீட்டில் கிடக்கையில் வரும் அந்தச் செய்தியை நான் ஒருநாளும் அனுப்பமாட்டேன். அதற்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் விளம்பரத்தை உயிரோடு வைத்திருக்கிறோம். செத்தவீட்டுக்காக அவசரமாக இடம் தேடும் மருமகன் தானாகத் தேடும்போது அது அவன் கண்ணில் படவேண்டும். அப்படி வருபவர்களுக்கு அக்கா இரவு எந்த நேரமும் கதவு திறப்பா, குறைந்தபட்ச இரவு என்ற கணக்கும் கிடையாது. இதை விளம்பரத்திலும் ஒரு வரியாகச் சேர்த்தோம்: 'துக்க காரியத்துக்கு வருபவர்கள் எந்நேரமும் அழைக்கலாம்.'

விளம்பரத்தை உயிரோடு வைத்திருப்பது என்றால் அடிக்கடி திருத்துவது. போட்டுவிட்டு மறந்தால் பழையவை அடியில் போய்விடும், விலை மாறியிருக்கும், தேதி முடிந்திருக்கும். ஒரு தளத்தில் ஒரு விலை, இன்னொன்றில் வேறு விலை என்று இருந்தால் ஆட்கள் சந்தேகப்படுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே போன் எண், ஒரே விலை. நிறைந்த தேதிகளை ஒரு நாட்காட்டியில் குறித்துவைத்து எல்லாவற்றையும் அதிலிருந்தே திருத்துகிறோம். அழைப்பவர் எல்லோரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதிவைக்கிறோம். இந்தக் குறிப்பு கைவசம் இருப்பதால்தான் காசு கட்டிய ஒரு விளம்பரத்தை நிறுத்த முடிந்தது. அதிலிருந்து ஒருவரும் வரவில்லை. காசில்லாத ஊர்ச்சங்கக் குழுவிலிருந்துதான் அதிகம்பேர் வந்தார்கள்.

நவம்பர் வந்தால் கலியாணமும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. பனிக்காலத்தில் நாள்வாடகைக்கு ஆள் பார்த்திருப்பதைவிட ஒரு மாதம், இரண்டு மாதம் தங்குபவரைத் தேடுவது மேல். சென்டெனியல் கல்லூரியில் ஜனவரித் தவணைக்கு வரும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு வருபவர்கள், வேலை மாறி வந்து நிரந்தர இடம் தேடுபவர்கள் இருக்கிறார்கள். 28 நாளோ அதற்கு மேலோ என்றால் குறுகியகால வாடகைக் கணக்கில் வராது. வீட்டுக்காரரோடு குசினியைப் பகிர்வதால் ஒன்ராறியோ குடியிருப்பு வாடகைச் சட்டமும் இதற்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளைக்கு அதனால் பாதுகாப்புக் குறைவு என்பதும் உண்மை. எத்தனை நாள், எவ்வளவு காசு, எத்தனை நாள் முந்திச் சொல்லவேண்டும் என்று இரு பக்கமும் கையெழுத்து வைத்த ஒரு தாள் கட்டாயம் வேண்டும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த விளம்பரத்தைக் கிஜிஜியின் அறை வாடகைப் பிரிவில் தனியாகப் போடுவோம். படி எத்தனை என்பதற்குப் பதிலாக அதில் முதல் வரி இணைய வேகம், இரண்டாவது வரி மேசையும் கதிரையும், மூன்றாவது பனியில் நடக்கவேண்டிய தூரம். பஸ் தரிப்பிலிருந்து வாசல் வரை அக்கா நடந்து பார்த்து நிமிடம் சொன்னபிறகுதான் அந்த வரியை எழுதுவேன்.